பி.எஸ்.எஸ். படிவம்: நம் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் 'மிதமான அழுத்தம்' என்றே வருவது ஏன்?

தோவாளைப்பிச்சி

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவத் துறையில் வேலை செய்கிறவர்கள் எவ்வளவு மன அழுத்தத்தை உணர்கிறார்கள் என்பதுதான் தீசிஸ். டூல் பி.எஸ்.எஸ்.-10 (பெர்சீவ்டு ஸ்ட்ரெஸ் ஸ்கேல், ஒருவர் தான் உணரும் மன அழுத்தத்தை அளக்கும் படிவம்) என்று கைடு மேடம் முடிவு செய்துவிட்டார்கள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40.

நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை, ஓர் அரசு மருத்துவமனை, மேற்கே சில ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று திட்டம். ஸ்டாஃப் நர்ஸ்களோடு கிராம சுகாதாரச் செவிலியர்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்கள், தூய்மைப் பணியாளர்கள் எல்லாரையும் சேர்க்க ஆசை.

இரண்டு சந்தேகம். ஒன்று, எங்கள் நூலகத்தில் பழைய தீசிஸ்களைப் புரட்டினால் ஒவ்வொன்றின் பின்னிணைப்பிலும் தமிழ்ப் படிவம் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எதை எடுப்பது? இரண்டு, அந்தத் தீசிஸ்களில் முடிவு மட்டும் ஒரே மாதிரி: 'பெரும்பாலானோருக்கு மிதமான அழுத்தம்'. ஐ.சி.யூ. நர்ஸும் மிதம், ஓ.பி. நர்ஸும் மிதம், மாணவிகளும் மிதம். நானும் அதையே கண்டுபிடிக்கத்தான் ஒரு வருடம் அலையப் போகிறேனா? அடுத்த மாதம் எத்திக்ஸ் கமிட்டி. அதற்குள் தெளிவு வேண்டும்.

நைட்டூட்டி

மக்களே, இருபது வருடமாக வார்டில் இருக்கிறேன். முதலில் ஒன்று சொல். படிவத்தை யார் கையில் கொடுத்து விநியோகிக்கப் போகிறாய்? இன்சார்ஜ் சிஸ்டர் கையிலா? அப்படியென்றால் முடிவை இப்போதே எழுதிவிடலாம்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் தரச்சான்று ஆய்வு வரும் சமயம் இப்படி ஒரு ஸ்ட்ரெஸ் படிவம் வந்தது. மேலே பெயர் இல்லை, பணியாளர் எண் மட்டும் போட வேண்டும். பெயர் கேட்காததால் அது ரகசியமாம்! மதியம் ஹேண்ட் ஓவர் நேரத்தில் மேசையில் கொண்டுவந்து வைத்து, அரை மணி நேரத்தில் வேண்டும் என்றார்கள். ஒருத்தி நிரப்பினதை அடுத்தவள் பார்த்து நிரப்பினாள். நைட் முடிந்து மதியம் வரை உட்கார்ந்திருந்த பிள்ளை ஒருத்தி கேள்வியைப் படிக்கவே இல்லை, நடுக்கட்டத்தில் மேலிருந்து கீழே டிக் போட்டுக்கொண்டே போய்விட்டாள். தூக்கம் சொக்குகிறவள் வேறு என்ன செய்வாள்?

கணக்குப்பிள்ளை

நைட்டூட்டி சொன்ன அந்த நடுக்கட்டப் பிள்ளையில்தான் இரண்டாவது சந்தேகத்துக்குப் பதில் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பி.எஸ்.எஸ்.-10இல் ஆறு கேள்வி எதிர்மறை: எதிர்பாராதது நடந்து மனம் கலங்கியது, வாழ்க்கையின் முக்கியமான விஷயங்கள் கைமீறிப் போவதாகப் பட்டது, இந்த மாதிரி. மீதி நான்கு, அதாவது 4, 5, 7, 8ஆம் கேள்விகள், நேர்மறை: என்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்தது, நினைத்தபடி காரியங்கள் நடந்தன என்பது போல. இந்த நான்குக்கும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். 0 என்றால் 4, 1 என்றால் 3.

இப்போது ஒருவர் எதையும் படிக்காமல் ஒரே கட்டத்தில் கோடு இழுக்கிறார் என்று வையுங்கள். எல்லாமே 'ஒருபோதும் இல்லை' என்றால் ஆறு பூஜ்யம், நான்கு நான்கு: மொத்தம் 16. எல்லாமே 1 என்றால் 6 + 12 = 18. எல்லாமே 'சில சமயம்' என்றால் 20. எல்லாமே 3 என்றால் 22. எல்லாமே 'மிக அடிக்கடி' என்றால் 24.

தீசிஸ்களில் 0–13 குறைவு, 14–26 மிதம், 27–40 அதிகம் என்று ஓர் அட்டவணை போடுவார்களே, அதில் மேலே சொன்ன ஐந்தும் எங்கே விழுகின்றன? எல்லாம் மிதம். கேள்வியைப் படிக்காத ஆள் எந்தக் கட்டத்தில் கோடு இழுத்தாலும் மிதமான அழுத்தக்காரர்தான். அரைகுறையாகப் படித்து அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் போடுகிறவரும் பெரும்பாலும் 20ஐச் சுற்றித்தான் வருவார்.

இதனால் பழைய தீசிஸ் எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. நிஜமாகவே மிதமான அழுத்தம் உள்ளவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். யார் நிஜம், யார் களைப்பு என்று மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது, அவ்வளவுதான்.

தோவாளைப்பிச்சி

சார், 16 என்பதை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். தலை சுற்றுகிறது. அப்போது அந்த 13, 26 என்ற எல்லைகளை வைத்தது யார்? கைடு மேடம் 'ஸ்டாண்டர்டு' என்றார்கள்.

குழித்துறைக்கரை

சமூக மருத்துவம் படித்தவன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெல்டன் கோஹன், கமார்க், மெர்மல்ஸ்டீன் மூவரும் 1983இல் வெளியிட்டது இந்த அளவுகோல். அப்போது 14 கேள்வி. பத்துக் கேள்வி வடிவம் 1988இல் கோஹனும் வில்லியம்சனும் கொடுத்தது. அமெரிக்காவில் 2,387 பேரிடம் கேட்டு, அதிலிருந்து சலித்து எடுத்தார்கள். அந்தப் பொதுமக்களின் சராசரி ஏறக்குறைய 13. பெண்களுக்கு 13.7, ஆண்களுக்கு 12.1. இப்போது அந்த அட்டவணையை மறுபடி பாருங்கள். 14இல் 'மிதம்' தொடங்குகிறது. 1980களில் சராசரி அமெரிக்கர் நின்ற இடத்துக்கு ஒரு படி மேலே ஏறினாலே மிதமான அழுத்தம்!

உருவாக்கினவர்கள் இப்படி எந்த எல்லையும் வைக்கவில்லை. இது நோய் கண்டறியும் கருவி அல்ல, ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடுவதற்குத்தான் என்பதே அவர்கள் நிலை. குறைவு, மிதம், அதிகம் என்ற மூன்று அடுக்கு பிறகு எங்கிருந்தோ வந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, இப்போது வேதவாக்காகிவிட்டது. மேடம் கேட்டால் 'மூலக் கட்டுரையில் இல்லை' என்று பணிவாகக் காட்டுங்கள். லாப நோக்கமில்லாத கல்வி ஆய்வுக்கு இதைப் பயன்படுத்த அனுமதி வாங்கத் தேவையில்லை என்பது மட்டும் நல்ல செய்தி.

இன்னொன்று. உங்கள் தலைப்பே 'மருத்துவப் பணியாளர்கள்'. ஆனால் பி.எஸ்.எஸ். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கடந்த ஒரு மாத வாழ்க்கையைப் பொதுவாகக் கேட்கிறது. மகள் கல்யாணக் கடன், மாமியார் படுக்கையில் கிடப்பது, கணவர் வளைகுடாவில் வேலை இழந்தது எல்லாம் அந்த மதிப்பெண்ணுக்குள் வரும். அது தவறில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்து 'மருத்துவமனைப் பணிச்சூழல் காரணம்' என்று முடிவுரை எழுத முடியாது. வேலையால் வரும் களைப்பு வேண்டுமானால் கோபன்ஹேகன் பர்ன் அவுட் இன்வென்டரி இருக்கிறது. 2005இல் வந்தது, 19 கேள்வி, சொந்தக் களைப்பு, வேலைக் களைப்பு, நோயாளிகளால் வரும் களைப்பு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கும், காசும் இல்லை. மாஸ்லாக்கின் பர்ன் அவுட் அளவுகோல் பிரபலம்தான், ஆனால் உரிமம் வாங்க வேண்டும். நர்ஸ்களுக்கென்றே 1981இல் கிரே-டாஃப்ட், ஆண்டர்சன் செய்த 34 கேள்வி நர்சிங் ஸ்ட்ரெஸ் ஸ்கேலும் உண்டு. நோயாளி இறப்பது, டாக்டரோடு உரசல், ஆள் பற்றாக்குறை என்று நேரடியாகக் கேட்கும். பி.எஸ்.எஸ்.ஸோடு இதில் ஒன்றைச் சேர்த்தால் தீசிஸுக்கு உயிர் வரும்.

கடலோரச்செவிலி

டாக்டர் சொன்னதற்கு ஓர் உதாரணம். 2017 நவம்பர் 30 ஓகி புயல் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். தூத்தூர் பக்கமும் குளச்சல் பக்கமும் வேலை பார்த்த எங்களில் பலருக்கு வீட்டு ஆண்கள் கடலில். பகலில் நிவாரண முகாமில் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டும் இருந்தோம், காது முழுக்க யாருடைய படகு எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கியது என்ற செய்தியில். அந்த டிசம்பரில் யாராவது இந்தப் படிவத்தை நீட்டியிருந்தால் 40க்கு 38 வந்திருக்கும். அதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணிச்சுமை என்று எழுதியிருந்தால் எப்படி இருக்கும்?

ஆனால் எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். வேலையை மட்டும் தனியாக வெட்டி எடுத்துக் கேட்பதும் எங்களுக்குப் பொருந்தாது. கிராம சுகாதாரச் செவிலிக்கு வீடு எது, வேலை எது? இரவு பதினொன்றுக்கு கர்ப்பிணியின் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்க வேண்டும், காலையில் அந்தப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் இல்லாவிட்டால் அதற்கும் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் கேளுங்கள்.

முப்பந்தல்காற்று

நிர்வாகத்தில் இருப்பவன் என்ற முறையில் எதிர்க்கருத்து சொல்லிவிட்டுப் போகிறேன், கல்லெறியாதீர்கள். அளந்து என்ன ஆகப் போகிறது? ஆள் இல்லை என்பது படிவம் இல்லாமலே தெரியும். பயிற்சி முடித்த பிள்ளைகள் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் கையில் வந்ததும் திருவனந்தபுரம், வளைகுடா, ஜெர்மனி என்று போய்விடுகிறார்கள். இருக்கிறவர்கள் தலையில் வேலை விழுகிறது. 22 வந்தால் என்ன, 26 வந்தால் என்ன, ரோஸ்டரில் எனக்கு இன்னொரு ஆள் கிடைப்பாரா?

நைட்டூட்டி

அண்ணே, ஏன் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு பரிந்துரை செய்தது. 2016இல் வந்த விஷயம். எத்தனை இடத்தில் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பி.எஸ்.எஸ். சம்பளத்தைப் பற்றிக் கேட்காது. பிச்சி, நீ உன் பொதுவிவரப் பகுதியில் கேள். மதம் என்ன, உணவுப் பழக்கம் சைவமா அசைவமா என்றெல்லாம் கேட்டுத் தாளை நிரப்புகிறார்கள். சம்பளம் எவ்வளவு, ஒரு நைட்டில் எத்தனை நோயாளி, மாதத்தில் எத்தனை நைட், கடைசியாக முழு நாள் ஆஃப் எப்போது என்று கேட்பதில்லை.

கணக்குப்பிள்ளை

கைதட்டல். மதத்துக்கும் மன அழுத்த அடுக்குக்கும் கை ஸ்கொயர் (இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) போட்டு 'தொடர்பு இல்லை' என்று ஒரு பக்கம் எழுதுவதை நிறுத்தினாலே தமிழ்நாட்டில் ஒரு காடு பிழைக்கும்.

முப்பந்தல்காற்றுக்கு: ஒரே ஒரு எண் உங்களுக்கு உதவாது, சரி. ஆனால் மாதம் நான்கு நைட் பார்க்கிறவர்களுக்கும் பத்து நைட் பார்க்கிறவர்களுக்கும் சராசரியில் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால் அதை வைத்து ரோஸ்டர் பேசலாம். அதற்கு மூன்று அடுக்காக உடைக்காமல் மதிப்பெண்ணை மதிப்பெண்ணாகவே வைக்க வேண்டும். 14உம் 26உம் ஒரே கூடையில், 26உம் 27உம் வேறு வேறு கூடையில் என்றால் கையில் இருந்த தகவலை நாமே கொட்டிவிடுகிறோம்.

தோவாளைப்பிச்சி

நன்றி நன்றி. முதல் சந்தேகத்துக்கு வாருங்கள். தமிழ்ப் படிவம்? ஆங்கிலம் தெரிந்த ஒருவர் தமிழாக்கி, இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி, கடைசியில் தமிழாசிரியர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.

குழித்துறைக்கரை

திருப்பி மொழிபெயர்ப்பது நல்ல வழக்கம்தான். பிரிஸ்லின் 1970இல் எழுதியதிலிருந்து எல்லாரும் செய்கிறார்கள். ஆனால் அது பிடிக்கும் பிழை வேறு, தப்பவிடும் பிழை வேறு. எட்டாம் கேள்வியில் 'ஆன் டாப் ஆஃப் திங்ஸ்' என்று வரும். எல்லாம் என் கைக்குள் இருந்தது என்ற பொருள். ஒருவர் அதை 'விஷயங்களுக்கு மேலே இருப்பதாக உணர்ந்தீர்களா' என்று சொல்லுக்குச் சொல் போட்டுவிட்டார் என்று வையுங்கள். திருப்பி மொழிபெயர்க்கிறவர் அச்சு அசலாக 'ஆன் டாப் ஆஃப் திங்ஸ்' என்றே திருப்புவார். மேடைக்கு மேடை பாராட்டு கிடைக்கும். படிக்கிற நர்ஸுக்குத்தான் ஒன்றும் புரியாது. 'எல்லாம் என் கைக்குள் இருக்கிறது' என்று நல்ல தமிழில் எழுதினால் திருப்பும்போது சொல் மாறும், கமிட்டியில் கேள்வி வரும். வரட்டும், பதில் சொல்லிக்கொள்ளலாம்.

தமிழாசிரியர் கையெழுத்து இலக்கணத்துக்கு. புரிகிறதா என்பதற்கு அவர் சாட்சி அல்ல. அதற்கு, படிவத்தை நிரப்பப் போகிறவர்களைப் போன்ற எட்டுப் பத்துப் பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கேள்வியைப் படிக்கச் சொல்லி, 'இதில் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்? எதை நினைத்து இந்தப் பதிலைப் போட்டீர்கள்?' என்று கேட்க வேண்டும். காக்னிட்டிவ் இன்டர்வியூ என்பார்கள். பைலட் ஸ்டடிக்கு, அதாவது சிறிய முன்னோட்ட ஆய்வுக்கு, முன்னால் செய்ய வேண்டியது. நம் ஊர் தீசிஸ்களில் அரிதாகத்தான் பார்க்கிறேன்.

கடலோரச்செவிலி

இதை நான் ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், வேறொரு படிவத்துக்கு. 'மன அழுத்தம் இருந்ததா' என்று கேட்டதும் தூய்மைப் பணியாளர் ஒருவர், 'போன வாரம்தான் பார்த்தேன், நூற்று முப்பது இருக்கு, மாத்திரை போடுகிறேன்' என்றார். தன்னார்வலர்கள் வீடு வீடாகப் பிரஷர் பார்த்துப் பார்த்து அந்தச் சொல் அப்படி ஊறிவிட்டது. அவரிடமே 'மனசுக்கு வெப்ராளமாக (பதைபதைப்பாக) இருந்ததா' என்று கேட்டதும் பத்து நிமிடம் பேசினார்.

குழித்துறைக்கரை

அருமை. ஆனால் வெப்ராளம் கல்குளம், விளவங்கோடு வட்டங்களைத் தாண்டினால் தோவாளையிலேயே எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒலிக்குமா என்று பார்க்க வேண்டும். திருநெல்வேலிக்காரர் சிரிப்பார். வட்டாரச் சொல்லை அச்சிடாமல், கேள்வியைப் பொதுவான எளிய தமிழில் வைத்து, வாய்விட்டு வாசித்துக் காட்டும் இடத்தில் மட்டும் விளக்கச் சொல்லாக, அதுவும் எல்லாருக்கும் ஒரே விளக்கமாக வைத்துக்கொள்ளலாம். கேட்கிறவர் ஆளுக்கொரு விதமாக விளக்கினால் அதுவும் ஒரு புதுப் படிவம்தான்.

விளவங்கோட்டில் இன்னொரு சிக்கல். முதலில் திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி என்று 1956 நவம்பர் வரை இருந்த பகுதி. வீட்டில் மலையாளம் பேசி, பள்ளியில் தமிழ் படித்து, நர்சிங்கை ஆங்கிலத்தில் படித்தவர்கள் உண்டு. அவர்களிடம் எந்தப் படிவத்தைக் கொடுப்பீர்கள்?

தோவாளைப்பிச்சி

விருப்பப்படி ஆங்கிலமோ தமிழோ எடுத்துக்கொள்ளலாம் என்று வைக்க நினைத்தேன்.

கணக்குப்பிள்ளை

வைக்கலாம், ஆனால் யார் எதை எடுத்தார் என்று குறித்து வையுங்கள். நர்ஸ்கள் எல்லாம் ஆங்கிலம், தூய்மைப் பணியாளர்கள் எல்லாம் தமிழ் என்று ஆகிவிட்டால், இரண்டு கூட்டத்துக்கும் இடையே வரும் வித்தியாசம் அழுத்தத்தின் வித்தியாசமா, படிவத்தின் வித்தியாசமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை ஆராய ஒரு புள்ளியியல் முறை இருக்கிறது, அளவீட்டுச் சமநிலை பார்ப்பது. அதற்கு ஒவ்வொரு பக்கமும் நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும். ஒரு எம்.எஸ்சி. மாணவிக்கு அது முடியாது. எல்லாருக்கும் தமிழ் என்று வைத்துவிடுவது உத்தமம். நர்ஸ்களுக்கு எழுத்துத் தமிழ் சரளமாக வராது என்பார்கள், ஆனால் படிவம் எளிய தமிழில் இருந்தால் வரும்.

அதே காரணம்தான் வாசித்துக் காட்டுவதற்கும். தானே நிரப்புகிறவரும், வெள்ளைக் கோட்டு மாணவி வாசிக்க வாயால் பதில் சொல்கிறவரும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது பாரம் குறைத்துத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ தூய்மைப் பணியாளர்களை வேறு ஆய்வாக, பேச்சு முறையில் செய்வது நல்லது.

நைட்டூட்டி

அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு ஆய்விலும் 'அவர்களை வேறு ஆய்வில் பார்க்கலாம்' என்று சொல்லியே ஹவுஸ் கீப்பிங் அம்மாக்களை யாரும் கேட்டதில்லை. சாம்பிளில் கொஞ்சம் கணக்கு இடித்தாலும் பரவாயில்லை, அவர்கள் இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை

கணக்கு இடித்தால் அவர்களைப் பற்றித் தவறான எண்தான் வெளியே போகும். அது அவர்களுக்கு உதவியா? 'தூய்மைப் பணியாளர்களுக்கு அழுத்தம் குறைவு' என்று ஒரு அட்டவணை அச்சாகிவிட்டால், அதைக் காட்டியே ஒப்பந்தக்காரர் ஆள் குறைப்பார்.

நைட்டூட்டி

அப்படியென்றால் அவர்கள் எண்ணை நர்ஸ் எண்ணோடு ஒரே அட்டவணையில் போடாமல் தனியாகப் போடட்டும். கேட்காமல் விடுவதற்கு மட்டும் நான் இல்லை.

கணக்குப்பிள்ளை

சரி, தனி அட்டவணை. ஒப்பிடக் கூடாது என்று கீழே எழுதிவிட வேண்டும். இதற்கு மேல் சண்டை போட மாட்டேன்.

பிச்சி, அச்சிடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பத்துக் கேள்வி இடப்பக்கம், ஐந்து கட்டம் வலப்பக்கம் என்று அட்டவணையாகப் போடாதீர்கள். அது கோடு இழுக்கச் சொல்லி அழைக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே ஐந்து பதிலையும் எழுதுங்கள். தாள் ஒன்றுக்கு இரண்டாகும், ஆகட்டும். கேள்விகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

அப்புறம் இரட்டை எதிர்மறை. 'எல்லா வேலைகளையும் சமாளிக்க முடியவில்லை என்று எத்தனை முறை தோன்றியது' என்று கேட்டு, பதில் 'ஒருபோதும் இல்லை' என்றால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது. 'சமாளிக்க முடியாமல் திணறியது உண்டா' என்று திருப்பிக் கேட்டால் 'ஒருபோதும் இல்லை' நேராகப் பொருந்தும்.

தரவு கையில் வந்ததும் முதல் வேலை: 4, 5, 7, 8 திருப்பிய பிறகு அவற்றுக்கும் மற்ற ஆறுக்கும் உள்ள உறவைப் பாருங்கள். அந்த நான்கும் மீதியோடு ஒட்டாமல் தனித்து நின்றால், ஒன்று திருப்ப மறந்திருக்கிறீர்கள், இல்லையென்றால் நிரப்பினவர்கள் படிக்கவில்லை. க்ரான்பாக் ஆல்ஃபாவை (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டுகின்றன என்று காட்டும் எண்) மொத்தமாக ஒரே எண்ணாகக் கொடுத்து நகராமல், ஆறுக்கும் நான்குக்கும் தனித்தனியே கொடுங்கள். பல மொழிகளில் இந்த அளவுகோல் இரண்டு துண்டாகத்தான் பிரிகிறது: கையறு நிலை ஒரு துண்டு, என்னால் முடியும் என்பது ஒரு துண்டு. ஒரே கட்டத்தில் கோடு இழுத்த படிவங்கள் எத்தனை என்றும் தனியாக எழுதுங்கள். அதை மறைக்க ஒன்றுமில்லை, அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

தோவாளைப்பிச்சி

நம்பகத்தன்மைக்கு ஒரே ஆளிடம் இரண்டு முறை கொடுக்க வேண்டுமாமே, எத்தனை நாள் இடைவெளி?

குழித்துறைக்கரை

1983 கட்டுரையிலேயே விடை இருக்கிறது. இரண்டு முறை போட்ட மதிப்பெண்களுக்கும் இடையே இரண்டு நாள் இடைவெளியில் உறவு 0.85 (1 என்றால் முழுப் பொருத்தம்), ஆறு வாரத்தில் 0.55. அழுத்தம் மாறக்கூடியது என்பதால் இடைவெளி நீள நீள எண் குறையத்தான் செய்யும், அது கருவியின் குற்றமல்ல. மிகக் குறைத்தாலோ முதலில் போட்ட டிக் நினைவிலேயே இருக்கும். ஒன்று இரண்டு வாரம் வையுங்கள், அதற்குள் ரோஸ்டர் மாறாத வார்டாகப் பார்த்து.

ஒரு கிளைக்கதை. எவரெஸ்டில் 1922இலும் 1924இலும் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் நெய்யூரில் அறுவை சிகிச்சை செய்தவர் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்து மிஷன் மருத்துவமனைகளிலிருந்தே நம் மாவட்டத்தில் பல குடும்பங்களில் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை நர்ஸ்கள். அந்த வீடுகளில் 'டூட்டி என்றால் அப்படித்தான் இருக்கும்' என்ற வளர்ப்பு. அவர்கள் 'சமாளித்தேன்' என்பதில் கை தாராளமாக டிக் போடும். அந்த நான்கு நேர்மறைக் கேள்விகளை இவர்களிடம் தனியாகப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

முப்பந்தல்காற்று

அனுமதிக் கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். நீங்கள் கடிதம் கொண்டுவந்தால் எங்களைப் போன்றவர்கள் முதலில் கேட்பது, 'ரிசல்ட்டை எங்களுக்கும் தருவீர்களா?' என்பதுதான். உள்நோக்கம் எல்லாம் இல்லை. ஆனால் வார்டு வாரியாகக் கிடைத்தால் எந்த வார்டில் புகார் அதிகம் என்று யாராவது பார்க்கத்தான் பார்ப்பார்கள். அதனால் மருத்துவமனை முழுவதற்குமான தொகுப்பு எண் மட்டும் தரப்படும், வார்டு வாரியாக யாருக்கும் தரப்படாது என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். எழுத்தில் இருந்தால் எனக்கும் மேலே பதில் சொல்ல வசதி.

கடலோரச்செவிலி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதுவும் போதாது. ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஒரே செவிலி. வயது 41–50, திருமணமானவர், கிராம சுகாதாரச் செவிலியர், இன்ன வட்டாரம் என்று நான்கு கட்டம் நிரப்பினால் என் பெயரை எழுதியது மாதிரிதான். வட்டாரத்தை எடுத்துவிடுங்கள், வயதைப் பெரிய அடுக்குகளாக வையுங்கள். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் கொடுத்து வாங்கவே வேண்டாம். மேலதிகாரி எதிரில் உட்கார்ந்திருக்கிறார், நான் 'கோபம் வந்ததா'வுக்கு 'மிக அடிக்கடி' போடுவேனா?

தோவாளைப்பிச்சி

ஒட்டிய உறை, பூட்டிய பெட்டி என்று யோசித்திருக்கிறேன், அக்கா. நர்சிங் ஸ்டேஷனில் வைக்காமல் உடை மாற்றும் அறையில் வைக்கலாமா? அங்கே கேமரா இருக்காது.

கைடு மேடம் இன்னொன்றும் சொல்கிறார்கள். டிப்ரெஷனுக்கு பி.எச்.க்யூ.-9 சேர்த்துவிட்டால் தீசிஸ் கனமாகுமாம்.

குழித்துறைக்கரை

பெட்டி அங்கேயே வையுங்கள், நல்ல யோசனை.

பி.எச்.க்யூ.-9இன் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் நன்றாக இருக்குமே, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளலாமே என்ற எண்ணம் வந்ததா என்பது. பெயரில்லாத படிவத்தில் ஒருவர் அதில் 'ஏறக்குறைய எல்லா நாளும்' என்று டிக் போட்டு, நீங்கள் மூன்று வாரம் கழித்து எக்ஸெலில் ஏற்றும்போது பார்த்தால் என்ன செய்வீர்கள்? ஆளைத் தேடிப் போக வழி இல்லை. அதற்கு ஒரு ஏற்பாடு செய்யாமல் அந்தக் கேள்வியைக் கேட்பது சரியல்ல, எத்திக்ஸ் கமிட்டியும் விடக் கூடாது. கனத்துக்காக என்றால் வேண்டவே வேண்டாம்.

பி.எஸ்.எஸ்.ஸில் அப்படிப்பட்ட கேள்வி இல்லை. இருந்தாலும் பத்துக் கேள்வியைப் படித்து முடித்தபோது ஒருவருக்குப் பேச வேண்டும் போல் இருக்கலாம். நிரப்பினவர் கிழித்து எடுத்துக்கொண்டு போகும்படி தனித் துண்டில், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் இலவச எண் 14416ஐ அச்சிடுங்கள். தமிழிலேயே பேசலாம். எல்லாருக்கும் ஒரே துண்டு இருந்தால் யார் எடுத்தார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

தோவாளைப்பிச்சி

சரி டாக்டர். இப்போதைக்கு என் திட்டம்: எல்லாருக்கும் தமிழ்ப் படிவம், முதலில் பத்துப் பேரிடம் உட்கார்ந்து பேசிப் பார்ப்பது, பி.எஸ்.எஸ்.ஸோடு கோபன்ஹேகன் படிவத்தின் வேலைப் பகுதி, மூன்று அடுக்கு கிடையாது, தூய்மைப் பணியாளர்களுக்குத் தனி அட்டவணை. கைடு மேடத்திடம் அந்த 16, 18, 20, 22, 24 கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, போட்டு ஒருமுறை பார்த்தார்கள். 'நாளைக்கு வா' என்றிருக்கிறார்கள்.

எந்த மாதம் கொடுப்பது என்று மட்டும் சொல்லுங்கள். மாசியில் ஆரம்பிக்கலாமா?

நைட்டூட்டி

மாசியில் மண்டைக்காடு கொடை. பத்து நாளும் மேற்குப் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் முகாம் டூட்டியில் இருப்பார்கள். 'கடந்த ஒரு மாதம்' என்று கேட்டால் அந்தப் பத்து நாளைத்தான் சொல்வார்கள். டிசம்பரும் வேண்டாம், கிறிஸ்துமஸ் லீவுச் சண்டை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் வார்டு நிரம்பி வழியும், யாரும் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். மாசிக் கொடை முடிந்து ஒரு மாதம் போகட்டும், சித்திரை நடுவில் கொடு. 'கடந்த ஒரு மாதம்' என்பதற்குப் பக்கத்தில் 'போன சம்பளம் வந்ததிலிருந்து' என்று சேர்த்துக்கொள், அது எல்லாருக்கும் நினைவிருக்கும். நைட் முடிந்து வருகிறவளிடம் நீட்டாதே, ஆஃப் முடிந்து வருகிறவளிடமும் நீட்டாதே. இரண்டாவது நாள் பகல் டூட்டியில் டீ இடைவேளையில் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பிவிட்டு மறுநாள் பெட்டியில் போடச் சொல்.

கணக்குப்பிள்ளை

பெட்டியைத் திறந்த அன்றைக்கே மொத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள். எக்ஸெலில் பத்துக் கேள்விக்கும் தனித்தனி நெடுவரிசை, போட்ட டிக் அப்படியே, திருப்பாமல். திருப்புவதை வேறு நெடுவரிசையில் செய்யுங்கள். எந்தத் தாள் என்று திரும்பப் பார்க்க உறை எண்ணும் முதல் நெடுவரிசையில் இருக்கட்டும். அந்தக் கோப்பை எனக்கு அனுப்பினால் கோடு இழுத்தவர்களை எண்ணித் தருகிறேன்.